மலையூர்க்காரர்கள் தேனிலவுக்குத் தீவுக்குப் போனால்: பத்திரமாகப் போய்வர ஒரு முழு வழிகாட்டி

என் சித்தி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணம். அந்தமானில் இருக்கிற ஹேவ்லாக்கா, மாலத்தீவா, பாலியா என்று இரண்டு பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை. "நீ போய்ட்டு வந்தவதானே, சொல்லுக்கா" என்று போன் போட்டாள். சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, பாதிகூட முடியவில்லை. அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கும் உதவும்.

நான் ஏற்காட்டில் வளர்ந்தவள். அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். அட்டைக்கடி, மூடுபனி, மழைக்கு மண் சரியும் ரோடு, இதெல்லாம் எனக்குப் பழக்கம். கடலை முதல்முதலாகப் பார்த்ததே காலேஜ் டூரில், மெரினாவில். வீட்டுக்காரருக்கு அம்மாப்பேட்டை, நீச்சல் கற்றுக்கொண்டது பாட்டி ஊர்க் கிணற்றில். 2018 மாசியில் அந்தமான் போனோம். அந்த ஆறு நாளில் எங்களுக்கு மூன்று தொல்லை வந்தது, மூன்றுக்கும் ஒரே காரணம்தான்: சொல்ல வேண்டியதை ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்தது. பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, நாலு மாதம் போனில் பேசி முடித்த கல்யாணம். பிடித்த ஐஸ்கிரீம் வரைக்கும் தெரியும், ஆனால் அவருக்கு வீசிங் உண்டா என்று எனக்குத் தெரியாது. மூன்று கதையும் அந்தந்த இடத்தில் வரும்.

முதல் படி: கல்யாண மாதத்தை வைத்துத் தீவைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் பட்ஜெட்டைப் பார்த்துத் தீவை முடிவு செய்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்றும் மழையும். நம் முகூர்த்த மாதங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

தை, மாசியில் கல்யாணம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்தின் புக்கெட், கிராபி பக்கம் எல்லாம் கடல் அமைதியாக இருக்கும். பாலிக்கு அப்போது மழைக்காலம். வைகாசி, ஆனி, ஆவணியில் இது அப்படியே தலைகீழ். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரவாக்கில், அந்தமானைத் தொட்டுவிடும். புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை பல நாள் கரையில் 'இறங்காதே' என்கிற சிவப்புக் கொடிதான். அந்த மாதங்களில் பாலி நல்லது, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே வெயில் காலம். ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள், அதற்குள் போய்வந்துவிடலாம் என்று ஆனியில் அவசரமாக அந்தமானுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. அறைக்குள் உட்கார்ந்து மழை பார்ப்பதற்கு ஏற்காடே போதும், செலவும் குறைவு.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சீசன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதங்களில் போவதானால் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகப் போடுங்கள்.

இரண்டாம் படி: கிளம்பும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த ஒரு சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உனக்கு நீச்சல் தெரியுமா, எங்கே கற்றாய்? வீசிங், வலிப்பு, சர்க்கரை, இதயத்தில் ஏதாவது உண்டா? தினமும் மாத்திரை எடுக்கிறாயா? எந்த ஊசி, எந்த மாத்திரை ஒத்துக்காது? ரத்த குரூப் என்ன? இறால், நண்டு சாப்பிட்டிருக்கிறாயா? பஸ்ஸில் வாந்தி வருமா? கடைசிக் கேள்வி சிரிப்பாக இருக்கலாம், கொஞ்சம் பொறுங்கள்.

பெண்களுக்குத் தனியாக. மாதவிடாய் தேதி பயண நாளில் விழுந்தால் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாம், ஆனால் மருந்துக்கடைப் பையனிடம் கேட்டு வாங்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ரத்தம் கட்டும் பிரச்சினையோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தேதியைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்காது. குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்றால் அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், அதையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம் நீர்க்கடுப்பு. புதுசாகக் கல்யாணமான பெண்களுக்கு இது ரொம்ப சாதாரணம், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்கு மூன்றாம் நாள் ஆரம்பித்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, ஐந்தாம் நாள் குளிர் ஜுரத்தோடு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் நிறையக் குடிப்பது, உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவது, ஈர நீச்சல் உடையோடு மணிக்கணக்கில் இருக்காமல் மாற்றிவிடுவது, இவ்வளவுதான் தடுக்க. எரிச்சல் தொடங்கினால் அன்றைக்கே டாக்டர். காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாம் படி: காகிதம், மருந்து, நகை

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் என்ன பெயரோ அதே பெயரில்தான் டிக்கெட். கல்யாணமான கையோடு பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டு, கவுன்ட்டரில் நிற்காதீர்கள். அந்தமானுக்கு ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை போதும்.

பயணக் காப்பீட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது), ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) மாதிரி நீர் விளையாட்டுகளுக்குப் பொருந்துமா? இன்னொன்று, தீவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் செலவு அதில் அடங்குமா? சின்னத் தீவுகளில் முதலுதவிதான் இருக்கும். ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும், நடுவில் கடல்.

மருந்துப் பையில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வாந்தி மாத்திரை, காயத்துக்குப் போடும் களிம்பு, கொசு விரட்டும் கிரீம், சன்ஸ்கிரீன், இன்ஹேலர் உள்ளவர்களுக்கு இரண்டு இன்ஹேலர். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் தவிக்க வேண்டாம்.

நகை. புதுத் தாலிக்கொடி, ஆரம், வளையல் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் அலை அடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், திருடனே வேண்டாம். தண்ணீரில் ஊறிய விரலிலிருந்து மோதிரம் கழன்று விழுவது தெரியவே தெரியாது. மாமியாரிடம் சொல்லிவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, மீதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டுக்கு அதிக நகை கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கேள்வி வராது.

நான்காம் படி: போகும் வழி, முக்கியமாகப் படகு

சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலை சென்னையில் இறங்கி, அங்கிருந்து நேராக அன்றைய காலை விமானத்துக்கு ஓடுவது நம்மூர்க்காரர்கள் வழக்கம். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் மொத்தப் பேக்கேஜும் போச்சு. முந்தின நாளே சென்னைக்குப் போய் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். திரும்பும்போதும் அப்படித்தான்: விமானத்துக்கு முந்தின இரவு ஹேவ்லாக்கில் இருக்கக் கூடாது, போர்ட் பிளேருக்கு வந்துவிட வேண்டும். கடல் சரியில்லை என்றால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது. (போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு. டிக்கெட்டில் வேறு பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்.)

மாலத்தீவுக்கு ஒரு தனிக் குறிப்பு. ரிசார்ட் தீவுகளுக்குப் போகிற கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் தலைநகர் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு ரிசார்ட்டுக்குப் போக முடியாமல் ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டி வரலாம். புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வாந்தி. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் தீவுப் படகில் உங்களுக்கு நிச்சயம். எனக்கு மலையில் வந்ததே இல்லை, அதனால் அலட்சியமாக இருந்தேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டாம், சொல்லவில்லை, மாப்பிள்ளை கெத்து. ஹேவ்லாக் போய்ச் சேர்வதற்குள் என் புதுத் துப்பட்டா காலி. மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. முன்கூட்டியே போட வேண்டும், எவ்வளவு நேரம் முன்பு என்பதை டாக்டரிடம் கேளுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல், நடுப்பகுதியில் கீழே உட்கார்ந்து, தூரத்தில் அடிவானத்தைப் பாருங்கள். போனை நோண்டினால் இன்னும் குமட்டும்.

படகில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது ஆள் கணக்கு. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஏறும்போதே லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பாருங்கள், எல்லா வாரையும் மாட்டி இறுக்குங்கள், ஜாக்கெட்டைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கினால் காது வரைக்கும் வரக்கூடாது. சேலைக்கு மேலே போட்டால் நிற்காது; சுடிதாரோ பேன்ட்டோ போடுங்கள். கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் இறங்கிவிடுங்கள். காசு போனால் போகிறது. "எல்லாரும் ஏறியிருக்காங்களே" என்பது ஒரு காரணமே அல்ல.

ஐந்தாம் படி: கடலில் இறங்குவது

கிணற்று நீச்சல்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். கிணற்றில் தண்ணீர் அசையாது. எந்தப் பக்கம் நீந்தினாலும் நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொள்ளலாம். மேட்டூர் அணை, காவிரி என்று பழகியவர்களுக்காவது இழுவை என்றால் என்ன என்று தெரியும். கடலில் அலையாக வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது கரையிலிருந்து உள்நோக்கி ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில்தான் அலை உடையாமல் தண்ணீர் சாதுவாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் "இங்கே அலையே இல்லை" என்று சரியாக அங்கேதான் போய் இறங்குவார்கள்.

எங்கள் வீட்டுக்காரர், கிணற்று நீச்சல் மட்டும்தான் தெரியும் என்று சொல்லாமலேயே, அப்படித்தான் இறங்கினார். எனக்கு முன்னால் நீந்திக் காட்ட வேண்டாமா? ஐந்து நிமிடத்தில் தலை சின்னதாகிவிட்டது. கரையைப் பார்த்து மூச்சு முட்ட நீந்துகிறார், இருந்த இடத்திலேயே இருக்கிறார். நான் கையாட்டுகிறார் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் (தமிழ்க்காரர்தான், அங்கே நம்மவர்கள் நிறைய) பார்த்துவிட்டு, "பக்கவாட்டுல போ தம்பி, பக்கவாட்டுல!" என்று கத்திக்கொண்டே கரையோடு ஓடிக் கையால் திசை காட்டினார். அதனால்தான் இவர் கரைக்கு வந்தார்.

அதுதான் விதி. இழுக்கிறது என்று தெரிந்தால் கரையை நோக்கிப் போராடாதீர்கள், களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சரி செய்யுங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், இழுவை விட்டதும் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். நீந்தவே முடியாவிட்டால் மிதந்துகொண்டே ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கத்துங்கள். கரையில் இருப்பவர் பாசத்தில் பின்னாலேயே குதிக்கக் கூடாது, அப்படித்தான் இரண்டு பேரும் போகிறார்கள். மிதக்கிற எதையாவது, காலி கேனைக்கூட, வீசுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 112, கடலோரக் காவல் படைக்கு 1554. தாய்லாந்தில் சுற்றுலா போலீஸ் 1155. மாலத்தீவில் போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 102.

சிவப்புக் கொடி, ஆளில்லாத கரை, இருட்டு, குடித்த உடம்பு, இந்த நான்கில் எது இருந்தாலும் இறங்க வேண்டாம். அந்தமானில் இருட்டு நம்மை ஏமாற்றும். கிழக்கே இவ்வளவு தள்ளி இருந்தும் நம் கடிகார நேரம்தான் அங்கேயும், அதனால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட வேண்டாம். அவை உப்புநீர் முதலைகள், சும்மா மிரட்ட வைத்த பலகை இல்லை. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த (மூச்சுக்குழாய் வைத்துத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே நீந்துவது) அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது.

பவளப்பாறை மேல் நிற்காதீர்கள், அதற்கும் கேடு, உங்கள் காலுக்கும் கேடு. ரப்பர் செருப்பு வேண்டும். மெட்டி பாறை இடுக்கில் மாட்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கல் மாதிரியே கிடக்கும் கல்மீனின் விஷ முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி குறையும், அப்படியே டாக்டரிடம் போக வேண்டும். தாய்லாந்துப் பக்கம் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகர் ஊற்ற வேண்டும். சில கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள்.

ஸ்கூபா: சளி, காது அடைப்பு, வீசிங் இருந்தால் வேண்டாம். படிவத்தில் "எனக்கு எந்த நோயும் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். மூச்சை அடக்கக் கூடாது, அதுதான் முதல் பாடம். தண்ணீரில் இருந்து வந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. கடைசி நாளுக்கு ஸ்கூபா வைத்துத் தருகிற பேக்கேஜை மாற்றச் சொல்லுங்கள்.

நிலநடுக்கம். 2004 சுனாமி எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலோரத்தில் நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால், அல்லது கடல் திடீரென்று உள்வாங்கினால், சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலை போனதும் இறங்கி வராதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். மாலத்தீவில் மேடே கிடையாது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் என்றால் அந்த நாட்டின் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். அங்கே உறுதியான கட்டடத்தின் மேல்மாடிதான் மேடு.

ஆறாம் படி: கரையில்

வண்டி. புக்கெட்டிலும் பாலியிலும் ஸ்கூட்டர் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். வண்டியிலோ ஜெட் ஸ்கியிலோ ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள், திரும்பி வந்ததும் "இதை நீதான் உடைச்சே" என்று பெரிய தொகை கேட்பது அங்கே பழைய வித்தை.

குரங்கு. நமக்குக் குரங்கு புதிதல்ல, ஏற்காடு வளைவுகளில் பொரி போட்டே வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தைப் பாலியில் காட்டாதீர்கள். உலுவாட்டு கோயிலில் கண்ணாடி, போன் எல்லாம் பிடுங்கும். பாலியில் 2008-லிருந்து வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தால், நகம் கீறினால்கூட, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது.

சாப்பாடு, குடி. நண்டு, இறால் இதுவரை சாப்பிடாதவர் முதல் நாளே தட்டு நிறையச் சாப்பிட வேண்டாம். கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள். உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. மதுவைப் பற்றி நம்ம பக்கத்துக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்தவர்களோடு சேலம் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸாக வந்தது மறந்திருக்காது. அந்தச் சாராயத்தில் இருந்த விஷமான அதே மெத்தனால்தான் பாலி, பக்கத்துத் தீவு லொம்போக் பக்கம் அரக் என்கிற மலிவான உள்ளூர்ச் சாராயத்திலும் வாளியில் கலந்து தரும் காக்டெயிலிலும் சுற்றுலாப் பயணிகளைக் கொன்றிருக்கிறது. குடிப்பதானால் சீல் உடைக்காத பாட்டில், இல்லை பீர். மறுநாள் பார்வை மங்கினால் அதை ஹேங்ஓவர் என்று நினைத்துத் தூங்காதீர்கள்.

சட்டம் சுருக்கமாக. மாலத்தீவுக்குள் மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகக் கூடாது. அம்மா பெட்டியில் வைத்துவிடும் குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் நீச்சல் உடை அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டும். வேப் (மின் சிகரெட்) மாலத்தீவிலும் தாய்லாந்திலும் தடை. அந்தமானில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது குற்றம், சிறை உண்டு. செத்த பவளத்தைக் கூட எடுத்துவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். ஜோடிப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள், இங்கே பூட்டிய வீடு இருக்கிறது.

ஏழாம் படி: ஊர் திரும்பிய பிறகு

டெங்கு கொசு பகலில் கடிக்கும், காய்ச்சலாக வெளிவரப் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். திரும்பி வந்து மறுபடியும் விருந்து, கோயில் என்று அலைந்துகொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்தால் "அலைச்சல்" என்று விட்டுவிடுவோம். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாமல் டாக்டரிடம் போங்கள். போன தீவின் பெயரையும் போன தேதியையும் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். அந்தமான் பக்கம் மலேரியாவும் உண்டு என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ரத்தம் பார்ப்பார்.

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, கடலில் அகப்பட்ட கதையை எடுத்துவிடச் சொல்கிறார். அன்றைக்குக் கையாட்டுகிறார் என்று நான் எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.